வன்னியின் உழைப்பும் பானமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டு மக்கள் எதை உண்டனர் என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் ஓரளவேனும் எழுதியுள்ளனர். அவர்கள் எதை அருந்தினர் என்பது பற்றி எழுதியோர் மிகச் சிலரே. கள்ளும் தேறலும் பழந்தமிழ் இலக்கியத்திற் பெற்ற இடத்தை, உழைத்துக் களைத்தவன் வரம்போரத்தில் அமர்ந்து பிளாவில் ஏந்திக் குடித்த உப்பிட்ட கஞ்சி பெறவில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து அறச்சாலைகளிலிருந்து வழிந்தோடிய கஞ்சியைக் கூறுகின்றது. ஆனால் அது நகரின் வளத்தைக் காட்ட வந்த கஞ்சி. உழைப்பாளியின் தாகத்தைத் தீர்த்த கஞ்சிக்குத் தனி வரலாறு எழுதப்படவில்லை.

இன்று இவ்வினா புதியதொரு வடிவில் நம் முன் நிற்கின்றது. மாலை வேளைகளில் விளையாட்டுத் திடல்களில் பயிற்சி முடித்து வரும் மாணவர் கைகளில் நிறமூட்டிய இனிப்புப் பானப் போத்தல்களைக் காண்கின்றோம். உடற்பயிற்சிக்குப் பின் அருந்துதற்குச் சிறந்த பானம் எது என்பதை விளம்பரங்களே தீர்மானிக்கும் நிலை வந்துள்ளது. ஆனால் வன்னிப் பெருநிலத்தில் இவ்வினா விளையாட்டுத் திடலில் பிறந்ததன்று. காடு வெட்டியோரும் குளங்கட்டியோரும் கரைவலை இழுத்தோரும் இதனை நாள்தோறும் எதிர்கொண்டனர். தமக்குரிய விடையையும் கண்டனர். அவ்விடை யாது, அது அறிவியலின் முன் நிற்குமா, அவ்விடையைக் கையிற் கொண்டிருந்த மக்களுக்கு நேர்ந்தது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் வியர்வையும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் இலங்கையின் உலர்வலயத்தைச் சேர்ந்தவை. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் மார்கழி வரையான மாதங்களிற் பெய்துவிடும். எஞ்சிய காலத்திற்குக் குளங்களும் கிணறுகளுமே கதி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நிலம் வெடித்துக் கிடக்கும். இலங்கைக் குடியியற் சேவையைச் சேர்ந்த ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல், தூர்ந்த குளங்களும் காய்ச்சலும் அருகிய குடித்தொகையும் கொண்ட ஒரு நிலத்தை நமக்குக் காட்டுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டதும், 1940களின் நடுப்பகுதிக்குப் பின் மருந்து தெளித்து மலேரியா கட்டுப்படுத்தப்பட்டதும், அடுத்தடுத்துக் குடியேற்றத் திட்டங்கள் உருவானதும் இந்நிலத்தை மீண்டும் நெல் விளையும் பூமியாக்கின. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்களால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழரும் பிறரும் இங்கு வந்து காடழித்துக் குடியமர்ந்தனர்.

இவ்வாறு வன்னியின் அண்மைக்கால வரலாறு முழுவதும் மனித உடலின் உழைப்பாலேயே எழுதப்பட்டுள்ளது. கடும் வெயிலில் உழைக்கும் ஒருவன் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வையை, சிலவேளை அதனினும் மிகுதியாக, இழக்கின்றான். அவ்வியர்வை வெறும் நீரன்று. ஒரு லீற்றரில் அரைக் கிராம் முதல் ஒன்றரைக் கிராமுக்கு மேலும் சோடியம் வெளியேறும். சிறிதளவு பொற்றாசியமும் உடன் செல்லும். ஐம்பது கிலோ நிறையுடைய ஒருவன் ஒரு கிலோ நிறையை வியர்வையாக இழந்த அளவிலேயே அவனது உழைக்கும் ஆற்றல் குறையத் தொடங்குகின்றது. அரிவு வெட்டும் நாளில் காலை முதல் நண்பகல் வரை வயலில் நிற்பவன் இழப்பது இதனினும் பன்மடங்காகும்.

மரபு கண்ட விடை

இவ்விழப்பை ஈடுசெய்ய வன்னி மக்கள் கைக்கொண்ட பானங்களை நோக்குமிடத்து, அவற்றுள் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. முதலாவது கஞ்சி. சிவப்புப் பச்சையரிசியை மிகுந்த நீரில் வேகவைத்து, உப்பிட்டு, வாய்ப்பிருப்பின் தேங்காய்ப்பாலும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்ப்பர். இரண்டாவது பழந்தண்ணி. முதல் நாட் சோற்றில் நீரூற்றி இரவு முழுதும் புளிக்கவிட்டு, விடியலில் உப்பும் தயிரும் கலந்து குடித்துவிட்டு வயலுக்குச் செல்வர். மூன்றாவது மோர். எருமைத் தயிருக்குப் பெயர்போன வன்னியில் இது எளிதிற் கிடைத்தது. இவற்றோடு தேசிக்காய் ஊறுகாயை நீரிற் கரைத்த ஊறுகாய்த் தண்ணீர், இளநீர், கோடையிற் பனை தந்த கருப்பநீர் ஆகியனவும் வழக்கிலிருந்தன.

நீர் வழங்குதலை அறமாகக் கொண்ட மரபும் இங்கு நோக்கத்தக்கது. அப்பூதியடிகள் திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தர் அமைத்ததைப் பெரியபுராணம் கூறும். அவ்வழி வந்த தண்ணீர்ப் பந்தல்களை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு நடந்து செல்வோர் இன்றும் காண்பர். நெடுந்தூரம் நடந்து வருவோர்க்கு அங்கு வழங்கப்படுவன மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஊறுகாய்த் தண்ணீருமாகும். உப்பு, புளிப்பு, இனிப்பு ஆகிய மூன்றும் நீரோடு கலந்து நிற்கும் இவ்வமைப்பு, சுவை கருதி மட்டும் அமைந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. எந்தப் பானம் அருந்தினால் களைப்பு நீங்கி மீண்டும் வேலைக்கு எழ முடிந்ததோ, அந்தப் பானமே தலைமுறைகளைத் தாண்டி நிலைத்தது.

கள்ளையும் இவ்விடத்திற் கூறாது விடுதல் முறையன்று. மாலையில் உடல்வலி மறக்கக் கள்ளருந்தும் வழக்கம் பரவலாக இருந்தது. ஆயினும் மதுசாரம் சிறுநீரை மிகுவிப்பதால், இழந்த நீரை ஈடுசெய்யும் பணிக்கு அது உதவாது. வேலை நடுவே கஞ்சியும் வேலை ஓய்ந்தபின் கள்ளும் என்று உழைப்பாளர் வகுத்துக்கொண்ட முறை இவ்வேறுபாட்டை அவர்கள் அறிந்திருந்தமைக்குச் சான்றாகின்றது.

ஆய்வுகூடம் கண்ட விடை

மேலைநாட்டு அறிவியல் இதே முடிவுக்கு வந்து சேர்ந்தது கொள்ளைநோயின் வழியாகவே என்பது சிந்திக்கத்தக்கது. 1831 இல் வாந்திபேதி ஐரோப்பாவிற் பரவியபோது, நோயாளரின் குருதி நீரையும் உப்பையும் இழந்திருப்பதை ஓஷோனசி என்னும் இளம் மருத்துவர் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஸ்கொத்லாந்தின் லீத் நகரில் தோமஸ் லாட்டா உப்புநீரை நரம்பினுள் செலுத்திச் சாகும் நிலையிலிருந்தோரை எழுப்பினார். ஆயினும் இவ்வறிவு விரைவிற் கைவிடப்பட்டது. அதே காலப்பகுதியில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னாரிற் கரையிறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு வன்னியின் மேற்கு விளிம்பையொட்டி நடக்கத் தொடங்கியிருந்தனர். அக்காட்டுவழியில் தாகத்தாலும் வாந்திபேதியாலும் மடிந்தோர் பலர். அவர்களுட் பலரைக் காத்திருக்கக்கூடியவை காய்ச்சிய நீரும் சிறிது உப்பும் சிறிது அரிசியுமே. அவற்றை முறையாகக் கொடுக்கும் அறிவு உலக மருத்துவத்திற்குக் கிட்ட மேலும் நூறாண்டுக்கு மேல் சென்றது.

1953 இல் கல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை 186 வாந்திபேதி நோயாளருக்கு வாய்வழியே கொடுத்துப் பயன்கண்டதை வெளியிட்டார். அது ஏன் பயன் தந்தது என்பதற்கு 1960 இல் றொபேட் கிரேன் விளக்கம் அளித்தார். சிறுகுடலின் சுவரைக் கடந்து உட்செல்லுகையில் சோடியமும் குளுக்கோசும் ஒன்றாகவே செல்கின்றன. அவை செல்லும் வழியே நீரும் ஈர்க்கப்பட்டுச் செல்கின்றது. எனவே உப்பும் மாச்சத்தும் உரிய அளவிற் கலந்திருப்பின் நீர் விரைவாக உடலிற் சேரும். 1968 இல் டாக்காவில் டேவிட் நாலினும் றிச்சட் காஷும் இவ்விதியைக் கொண்டு நோயாளரைக் காத்தனர். 1971 இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது பொங்கான் அகதி முகாமில் திலீப் மகாலனபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலை வாளிகளிற் கரைத்துக் கொடுக்க, நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்குக்குக் கீழாக இறங்கியது. 1980 இலிருந்து வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம் வீடுவீடாகச் சென்று, மூன்று விரலாற் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்ற கணக்கைத் தாய்மாருக்குக் கற்பித்தது. நம் நாட்டு மருந்தகங்களிற் கிடைக்கும் ‘ஜீவனி’ இவ்வரலாற்றின் பயனேயாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2002 இல் வகுத்த அளவின்படி ஒரு லீற்றர் கரைசலில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராமும், சித்திரேற்று உப்பு 2.9 கிராமும் உள்ளன.

இவ்வாய்வின் அடுத்த படியே நமக்கு மிக நெருக்கமானது. 1980களின் தொடக்கத்தில் டாக்கா ஆய்வாளர் குளுக்கோசுக்குப் பதிலாக அரிசிமாவை வேகவைத்துக் கரைசல் செய்து பார்த்தனர். லீற்றருக்கு ஏறத்தாழ 50 கிராம் அரிசி சேர்த்த அக்கரைசல், வாந்திபேதி நோயாளரிடத்துக் குளுக்கோசுக் கரைசலினும் நன்கு பயன்பட்டது. அரிசியின் மாச்சத்துக் குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோசாகப் பிரிவதால், கரைசலின் செறிவு உயராமலே சோடியத்தை உட்செலுத்தத் தேவையான குளுக்கோசு கிடைக்கின்றது. ஆய்வுகூடத்தின் இக்கரைசல் உருவில் உப்பிட்ட நீர்க்கஞ்சியே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லீற்றர் கஞ்சிக்கு அரைத் தேக்கரண்டி உப்பு என்று கொள்ளின் அது ஏறத்தாழ மூன்று கிராமாகும், மேற்சொன்ன 2.6 கிராமுக்கு அது வெகு தொலைவில் இல்லை. கஞ்சியும் ஜீவனியும் ஒன்றென்பது இதன் பொருளன்று. வயிற்றோட்டத்திற்கு அளந்து செய்த மருந்தே வேண்டும். இரண்டும் ஒரே விதியின்மேல் நிற்பவை என்பதே ஈண்டுக் கருத்து.

விளையாட்டு வீரர்க்குரிய பானமும் இவ்விதியையே பின்பற்றியது. 1965 இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் றொபேட் கேட் என்னும் மருத்துவர், வெயிலில் ஆடிச் சோரும் தம் பல்கலைக்கழகக் காற்பந்து அணியினருக்காக நீர், உப்பு, சீனி, எலுமிச்சைச் சாறு முதலியவற்றைக் கலந்து ‘கேற்றரேட்’ என்னும் பானத்தை ஆக்கினார். அது உலக வாணிகமாக வளர்ந்தது. நம் தண்ணீர்ப் பந்தலின் ஊறுகாய்த் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் ஒரே குவளையிற் சேர்ந்தால் அதற்கு நெருங்கிய உறவாகும். 2007 இல் பிரித்தானிய ஆய்வாளர் பயிற்சிக்குப் பின் ஆடைநீக்கிய பாலைக் கொடுத்துப் பார்த்தபோது, அது நீரையும் விளையாட்டுப் பானத்தையும் விட நெடுநேரம் உடலில் நீரைத் தக்கவைத்தது. 2016 இல் பதின்மூன்று பானங்களை ஒப்பிட்ட மற்றோர் ஆய்விலும் பாலும் வாய்வழி நீரேற்றுக் கரைசலும் முன்னின்றன. தேநீர் நீரைப் போன்றே நின்றது. பாலின் புரதமும் உப்புகளும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவற்றைத் தன்னுட் கொண்ட மோரில் உப்பையும் சேர்த்தருந்திய நம் முன்னோரின் தெரிவு இதனால் வலுப்பெறுகின்றது. மலையக மக்கள் வன்னிக்குக் கொண்டுவந்த வெறுந்தேநீர் உடலை வறளச் செய்யும் என்ற அச்சமும் நீங்குகின்றது. இளநீரோ பொற்றாசியம் மிகுந்தது, சோடியம் குறைந்தது. உப்புள்ள உணவோடு சேர்ந்தாலன்றி வியர்வையின் இழப்பை அது முழுதாக ஈடுசெய்யாது.

உப்பும் அரிசியும் பறிபோன கதை

மரபின் விடை சரியானதாயின், அது ஏன் எக்காலத்தும் மக்களைக் காக்கவில்லை? இவ்வினாவே நம்மை அறிவியலிலிருந்து மீண்டும் வரலாற்றுக்கு அழைக்கின்றது. நீர், உப்பு, தானியம் என்னும் மூன்றாலும் ஆன பானம், அம்மூன்றும் மக்கள் கைக்கெட்டும் வரையே பானமாக இருக்கும்.

கடல் சூழ்ந்த நிலமாயினும், உப்பு வன்னி மக்களின் உரிமையாக நெடுங்காலம் இருக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தைத் தொடர்ந்து ஆங்கிலேயர் ஆட்சியிலும் உப்பு அரசின் தனியுரிமைப் பொருளாயிற்று. பாக்குநீரிணையின் அப்புறத்தே 1930 இல் இராஜாஜி தலைமையிற் சென்றோர் வேதாரணியத்தில் உப்பள்ளிச் சிறைசென்றமை, ஒரு பிடி உப்பில் அடங்கியிருந்த அரசியலை உலகறியச் செய்தது. 1930களின் பிற்பகுதியில் ஆனையிறவில் உப்பளம் நிறுவப்பட்டு, அது நாட்டின் முதன்மை உப்பளங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது அதன் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் அங்கு மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்படும்வரை ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்துவிட்டது.

1990 முதல் 2002 இன் போர்நிறுத்தம் வரை நிலவிய பொருளாதாரத் தடை எரிபொருள், பசளை, மருந்து முதலியவற்றை வன்னிக்கு அரியவாக்கியது. எரிபொருளின்றி நீரிறைக்கும் இயந்திரம் இயங்காது. பசளையின்றி நெல் குறையும். ஆக ஒரு குவளைக் கஞ்சியின் ஒவ்வொரு கூறும் தடையின் எல்லைக்குள் வந்தது.

2009 ஜனவரி முதல் மே வரை முல்லைத்தீவுக் கரையோரத்தின் ஒடுங்கிய நிலத்தில் மக்கள் அடைபட்டிருந்த மாதங்களில், அரிசியை நீரில் வேகவைத்து உப்பிட்ட கஞ்சி பலருக்கு அன்றாடத்தின் ஒரே உணவாகவும் ஒரே பானமாகவும் ஆயிற்று. காயமுற்றோரும் குழந்தைகளும் முதியோரும் வரிசையில் நின்று அதனைப் பெற்றனர். உழைப்பாளியின் பானம் உயிர்தரிப்போரின் பானமாக மாறிய இடம் அது. இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் ‘முள்ளிவாய்க்கால் கஞ்சி’ என்ற பெயரில் அது நினைவாக வழங்கப்படுகின்றது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அதனை வழங்கியோர் கைது செய்யப்பட்டமையும் நிகழ்ந்தது. சிறிது அரிசியும் உப்பும் நீரும் இத்துணைப் பொருள் தாங்கி நிற்பது உலக உணவு வரலாற்றில் அரிதாகவே காணப்படும்.

நீரின் நிலை

போர் ஓய்ந்தபின் வன்னியை எதிர்நோக்கும் வினா மூன்றாவது கூறாகிய நீரைப் பற்றியது. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் முதன்முதல் கவனத்திற்கு வந்தது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பகுதிகளும் இன்று இந்நோயுள்ள இடங்களாக அறியப்படுகின்றன. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத விவசாயிகளே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர். கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், பார உலோகங்கள், வெப்பத்தில் நீரின்றி உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆய்வாளராற் கூறப்பட்டு விவாதிக்கப்படுகின்றன. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடத்தும் இதனையொத்த நோய் காணப்பட்டமையால், அங்கு நீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் வேலைத்தலத்திலேயே வழங்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன.

இவ்விடத்தில் பானத்தின் தெரிவு வெறும் சுவை வினாவாக நில்லாது உயிர் வினாவாகின்றது. 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெப்பத்தால் நீரிழந்த எலிகளுக்கு மென்பானத்தையொத்த இனிப்பு நீரைக் கொடுத்தபோது அவற்றின் சிறுநீரகப் பாதிப்புக் குறைவதற்குப் பதிலாக மிகுந்தது. 2019 இல் வெளியான மற்றோர் ஆய்வு, வெப்பத்தில் உழைத்த மனிதர் மென்பானம் அருந்தியபோது சிறுநீரகப் பாதிப்பைச் சுட்டும் குறிகள் உயர்ந்ததைக் காட்டியது. இலங்கையில் 2016 ஓகத்து முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டுள்ளது; 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேற்பட்ட சீனியுடையன சிவப்புக் குறி பெறும். கிணற்று நீரில் நம்பிக்கை இழந்த ஊரில், கடையில் அடைத்து விற்கப்படும் இனிப்புப் பானம் தூயதாகத் தோன்றுவது இயல்பே. தூய நீர் கிடையாத இடத்தில் கஞ்சியை மட்டும் புகழ்ந்து பயனில்லை. கொதிக்க வைத்தல் கிருமிகளைக் கொல்லும், புளோரைட்டை அகற்றாது. ஆதலின் சுத்திகரித்த குடிநீரை ஊர்தோறும் வழங்குதலும் கஞ்சிப் பானையைக் காத்தலும் ஒரே பணியின் இரு பகுதிகளாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், உழைப்புக்கும் பயிற்சிக்கும் பின் அருந்தத்தக்கது எது என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கின்றது. ஒரு மணி நேரத்திற்குட்பட்ட பயிற்சிக்கு நல்ல நீரும் வழக்கமான உணவும் போதும். நீண்ட நேரம் வியர்வை சிந்தியபின் உப்பிட்ட நீர்க்கஞ்சி, உப்பு மோர், ஊறுகாய்த் தண்ணீர் ஆகியவற்றுள் ஒன்று சிறந்தது. இளநீராயின் உப்புள்ள உணவோடு அருந்துதல் நன்று. இழந்த ஒவ்வொரு கிலோ நிறைக்கும் ஏறத்தாழ ஒன்றரை லீற்றரைச் சிறிது சிறிதாகக் குடித்தல் வேண்டும். அளவின்றி வெறும் நீரைக் குடித்தலும் தீதே. 2002 இன் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் நூற்றுக்குப் பதின்மூவரின் குருதியில் சோடியம் அளவுக்குக் கீழ் இறங்கியிருந்தது. சிறுநீரக நோயுற்றோர்க்கு இவ்விதிகள் பொருந்தா. கஞ்சியின் உப்பும் இளநீரின் பொற்றாசியமும் அவர்க்கு ஊறு செய்யக்கூடுமாதலின் அவர்கள் மருத்துவர் கூறிய அளவையே கொள்ளல் வேண்டும்.

வன்னியின் உழைப்பாளர் பானத்தைப் பற்றி எவரிடமும் பாடங் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தவை தூய கிணறும் தடையின்றிக் கிடைக்கும் உப்பும் தம் வயலின் நெல்லுமே. இம்மூன்றும் ஒருங்கே கிட்டிய காலங்களில் அவர்கள் காடழித்து வயலாக்கினர். ஒன்று குறைந்த காலங்களிலெல்லாம் உடல் நலிந்தனர். இன்று உப்பளம் மீண்டும் இயங்குகின்றது, வயல்கள் விளைகின்றன. எஞ்சியிருப்பது கிணற்றின் நீர். வன்னியில் ஆய்வு மேற்கொள்ள விழையும் நம் பல்கலைக்கழக மாணவர், ஊர்களின் கிணறுகள், அவற்றின் நீர், அங்குள்ளோர் வேலைநேரத்தில் அருந்துவன ஆகியவற்றைப் பதிவுசெய்வதிலிருந்து தொடங்கலாம். மருத்துவ பீடத்தினரும் கலைப் பீடத்தினரும் ஒருங்கே செய்யத்தக்க பணி அது.